பலமுறை பயன்படுத்திய பொரிப்பு எண்ணெயும் உடல்நலமும்

பலமுறை பயன்படுத்திய பொரிப்பு எண்ணெய் என்பது, ஒருமுறை உணவைப் பொரித்த பின்னும் கழிக்கப்படாமல், மீண்டும் மீண்டும் சூடாக்கிப் பொரிக்கப் பயன்படும் சமையல் எண்ணெயைக் குறிக்கும். எண்ணெய் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் அதன் வேதி அமைப்பு சிறிது சிறிதாக மாறுகிறது. இந்த மாற்றம் ஓர் அளவைத் தாண்டினால், அது உண்பதற்குத் தகாத பொருளாகிவிடுகிறது. இந்தியாவில் அந்த எல்லை 2018 ஜூலை 1 முதல் சட்டப்படி வரையறுக்கப்பட்டுள்ளது. எண்ணெயில் என்ன மாறுகிறது, அது உடலை எப்படித் தாக்குகிறது, கழித்த எண்ணெய் எங்கே போக வேண்டும் என்பவற்றைக் கன்னியாகுமரி மாவட்டத்தின் உணவுப் பழக்கத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

குமரி மாவட்டத்தில் பொரித்த உணவு

தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்கள் அடங்கிய நாஞ்சில் நாடும், மேற்கே உள்ள கல்குளம், விளவங்கோடு பகுதிகளும் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டுடன் இணையும் வரை திருவிதாங்கூர் நிலப்பகுதியாக இருந்தவை. அந்தத் தொடர்பின் அடையாளம் சமையலறையில் இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டின் பிற மாவட்டங்களில் கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் பெற்ற இடத்தை இங்கே தேங்காய் எண்ணெய் பெற்றுள்ளது.

சாயாவுடன் ஒரு 'கடி' என்பது இம்மாவட்டத்தின் அன்றாட வழக்கம். உளுந்துவடை, பருப்புவடை, ரசவடை, பழம்பொரி, வாழைக்காய் பஜ்ஜி என்று சாயக்கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பவற்றில் பெரும்பாலானவை எண்ணெயில் பொரித்தவை. நாகர்கோவிலின் ஏத்தங்காய் சிப்ஸ் வெளியூர்களிலும் பெயர்பெற்றது. தீபாவளிக்கும் கல்யாணத்துக்கும் முந்திரிக்கொத்து செய்வார்கள். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் மீன் பொரிப்பு இல்லாத சாப்பாடு குறைவு.

எண்ணெயின் விலை இதில் முக்கியமானது. 2025-ஆம் ஆண்டில் தேங்காய் எண்ணெயின் சில்லறை விலை லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியது. இரண்டு மூன்று லிட்டர் பழைய எண்ணெயைக் கழிப்பது என்பது சிறிய கடைக்காரருக்கு அன்றைய வருமானத்தில் ஒரு பங்கைக் கொட்டுவதற்குச் சமம். எண்ணெய் மீண்டும் மீண்டும் சட்டியேறுவதற்கு அறியாமை மட்டும் காரணமல்ல. இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

சட்டிக்குள் நடப்பது என்ன?

பொரிக்கும்போது எண்ணெயின் வெப்பநிலை பொதுவாக 160 முதல் 190 டிகிரி செல்சியசு வரை இருக்கும். அந்தச் சூட்டில் மாவிலும் மீனிலும் உள்ள நீர் ஆவியாகிக் குமிழிகளாக வெளியேறுகிறது. மேலே காற்று படுகிறது. கீழே தீ எரிகிறது. நீர், காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் எண்ணெயை மூன்று வழிகளில் மாற்றுகின்றன.

*நீராற்பகுப்பு:* எண்ணெய் பெரும்பாலும் டிரைகிளிசரைடு மூலக்கூறுகளால் ஆனது. ஒரு கிளிசரால் தண்டில் மூன்று கொழுப்பு அமிலங்கள் இணைந்த அமைப்பு அது. உணவிலிருந்து வெளிவரும் நீர் இந்த இணைப்பை உடைப்பதால் கொழுப்பு அமிலங்கள் தனியே பிரிகின்றன. இப்படிப் பிரிந்த அமிலங்கள் கூடக்கூட எண்ணெயின் புகைநிலை, அதாவது புகையத் தொடங்கும் வெப்பநிலை, இறங்கிக்கொண்டே வரும். புதிதாக இருந்தபோது 180 டிகிரியில் அமைதியாக இருந்த எண்ணெய், சில நாட்களில் அதற்கு முன்பே புகைவது இதனால்தான்.

*ஆக்சிசனேற்றம்:* நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் இரட்டைப் பிணைப்புகளுக்கு அருகே ஆக்சிசன் சேர்ந்து ஹைட்ரோபெராக்சைடுகள் உருவாகின்றன. இவை நிலையற்றவை, விரைவில் உடைந்து ஆல்டிகைடுகளாக மாறும். பழைய எண்ணெயின் காறல் வாடைக்கு இந்தச் சிறிய மூலக்கூறுகளே காரணம். எண்ணெயில் இயற்கையாக உள்ள வைட்டமின் ஈ இந்த மாற்றத்தைத் தடுக்கும் காவல் போன்றது. ஆனால் அதுவும் சூட்டில் கரைந்து தீர்ந்துபோகிறது.

*பலபடியாதல்:* மாறிய மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய மூலக்கூறுகளாகின்றன. எண்ணெய் பிசுபிசுப்பாவதும், நுரை அடங்காமல் நிற்பதும், சட்டியின் விளிம்பில் பழுப்பு நிறப் பிசின் படிவதும் இதன் அடையாளங்கள். பிசுபிசுப்பான எண்ணெய் பலகாரத்திலிருந்து வடியாது. ஆகவே பழைய எண்ணெயில் பொரித்த வடை அதிக எண்ணெய் குடித்திருக்கும்.

சட்டியில் தங்கிவிடும் மாவுத் துகள், உப்பு, மிளகாய்ப்பொடி ஆகியவை கருகி எண்ணெயின் சிதைவை விரைவுபடுத்துகின்றன. செம்பு, இரும்பு ஆகிய உலோகங்களின் தொடர்பும் ஆக்சிசனேற்றத்தைத் தூண்டும். மீன் பொரித்த எண்ணெய்க்குக் கூடுதல் சிக்கல் உண்டு. மீனின் கொழுப்பில் இரட்டைப் பிணைப்புகள் மிகுதி. அதில் ஒரு பகுதி எண்ணெயில் கலந்துவிடுவதால் அது விரைவில் கெடுகிறது.

எண்ணெய்க்கு எண்ணெய் வேறுபாடு

எல்லா எண்ணெயும் ஒரே வேகத்தில் கெடுவதில்லை. சூரியகாந்தி எண்ணெயின் வழக்கமான வகையில் பாதிக்கு மேல் லினோலிக் அமிலம் என்னும் பன்மை நிறைவுறாக் கொழுப்பு அமிலம் உள்ளது. ஆக்சிசன் எளிதில் தாக்குவது இதைத்தான். கடலை எண்ணெயில் ஒலியிக் அமிலம் அதிகம். எனவே அது சற்றுக் கூடுதலாகத் தாங்கும். பாமாயிலில் ஏறத்தாழப் பாதி நிறைவுற்ற கொழுப்பு.

தேங்காய் எண்ணெயில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்ற கொழுப்பு அமிலங்களே. ஆகவே ஆக்சிசனேற்றத்தையும் பலபடியாதலையும் அது நன்றாகத் தாங்குகிறது. "தேங்காய் எண்ணெயை எத்தனை முறை காய்ச்சினாலும் ஒன்றும் ஆகாது" என்ற நம்பிக்கைக்கு இது அடிப்படையாக இருக்கலாம். ஆனால் இது பாதி உண்மை மட்டுமே. நீராற்பகுப்பு தேங்காய் எண்ணெயையும் விட்டுவைப்பதில்லை. அதில் பாதியளவுக்கு உள்ள லாரிக் அமிலம் பிரிந்து வரும்போது எண்ணெய்க்குச் சோப்பு போன்ற சுவை ஏறுகிறது. செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயின் புகைநிலை ஏறத்தாழ 175 டிகிரிதான். அதாவது பொரிக்கும் சூட்டை ஒட்டியே இருக்கிறது. அமிலங்கள் பிரியத் தொடங்கியதும் அது பொரிக்கும் சூட்டுக்குக் கீழே போய்விடும். தேங்காய் எண்ணெயுடன் வேறு எண்ணெயைக் கலந்து பொரித்தால் நுரை பொங்கும். நுரையில் காற்றுப் படும் பரப்பு கூடுவதால் சிதைவும் கூடும். செலவைக் குறைக்கப் பாமாயில் கலப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

எத்தனை முறை பயன்படுத்தலாம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவே. வீட்டில் அரை மணி நேரம் அப்பளமும் வடையும் பொரிப்பது ஒரு முறை. கடையில் காலை முதல் இரவு வரை அடுப்பில் இருப்பதையும் ஒரு முறை என்று எண்ண முடியாது. ஆகவே முறைகளின் எண்ணிக்கையை விட, எண்ணெய் சூட்டில் இருந்த மொத்த நேரமே பொருத்தமான அளவு.

இன்னொரு வழக்கம் இந்த எண்ணிக்கையையே பொருளற்றதாக்குகிறது. அது, குறைந்த அளவுக்குப் புது எண்ணெயை ஊற்றி நிரப்பிக்கொண்டே போவது. இதை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம்.

ஒரு சட்டியில் 5 லிட்டர் எண்ணெய் இருப்பதாகக் கொள்வோம். ஒரு நாளில் பலகாரங்கள் 1 லிட்டரைக் குடித்துவிடுகின்றன. மறுநாள் 1 லிட்டர் புது எண்ணெய் ஊற்றப்படுகிறது. ஒவ்வொரு நாளும் முந்தைய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு எஞ்சும். ஐந்து நாட்களுக்குப் பின் முதல் நாள் எண்ணெய் சுமார் 1.6 லிட்டரும், பத்து நாட்களுக்குப் பின் சுமார் அரை லிட்டரும் மீதமிருக்கும். வியாபாரம் குறைந்த கடையில் நாளொன்றுக்கு அரை லிட்டர்தான் செலவாகிறது என்றால், பத்து நாட்களுக்குப் பின்னும் முதல் நாள் எண்ணெயில் சுமார் 1.7 லிட்டர் இருக்கும். ஒரு மாதம் கழித்தும் ஏறத்தாழ 200 மில்லிலிட்டர் இருக்கும்.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஊற்றி நிரப்பும் சட்டி ஒருபோதும் புதிதாவதில்லை; பழைய எண்ணெயில் உள்ள பெராக்சைடுகள் புது எண்ணெயின் சிதைவையும் தூண்டிவிடுகின்றன. இரண்டாவது, எண்ணெய் வேகமாகச் செலவாகும் இடத்தில் ஆபத்து குறைவு. ஏத்தங்காய் சிப்ஸ் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெயைக் கொண்டது. விற்பனை மிகுந்த சிப்ஸ் கடையில் எண்ணெய் தானாகவே மாறிக்கொண்டிருக்கும். கவலைக்குரியது, குறைந்த விற்பனையுடன் நாள் முழுவதும் மிதமான தீயில் காய்ந்துகொண்டிருக்கும் சட்டியே.

உடல்நல விளைவுகள்

இத்துறையில் உறுதியான செய்திகளும் மிகைப்படுத்தல்களும் கலந்தே பரவுகின்றன. அவற்றைப் பிரித்துப் பார்ப்பது நல்லது.

*உடனடித் தொல்லைகள்:* காறிய எண்ணெயில் பொரித்த உணவு தொண்டைக் கரகரப்பு, நெஞ்செரிச்சல், வயிற்று மந்தம், சிலருக்கு வயிற்றுப்போக்கு ஆகியவற்றை உண்டாக்கும். இவை பெரும்பாலும் விரைவில் சரியாகிவிடுவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை.

*இரத்தக் குழாயும் இரத்த அழுத்தமும்:* மலேசிய தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஐந்து முறையும் பத்து முறையும் காய்ச்சிய பாமாயிலையும் சோயா எண்ணெயையும் எலிகளுக்குப் பல மாதங்கள் கொடுத்துப் பார்த்தனர். அவற்றின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. இரத்தக் குழாய்களின் விரிந்துகொடுக்கும் திறன் குறைந்தது. மனிதர்களிடையே, தெற்கு ஸ்பெயினின் பிசாரா என்னும் ஊரில் வீட்டுச் சமையலறைகளிலிருந்து எண்ணெய் மாதிரிகளை எடுத்துச் சோதித்த ஆய்வு 2003-இல் வெளியானது. சிதைந்த எண்ணெய்க்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் தொடர்பு இருப்பதை அது காட்டியது.

*உயிரணுக்களின் மேல் தாக்கம்:* லினோலிக் அமிலம் சிதையும்போது உருவாகும் 4-ஹைட்ராக்சி நோனினல் என்னும் ஆல்டிகைடு, உடலின் புரதங்களுடனும் மரபுப் பொருளுடனும் வினைபுரியும் தன்மை கொண்டது. எண்ணெயில் சேரும் இந்தப் பொருளைப் பொரிக்கப்படும் உணவும் உறிஞ்சிக்கொள்கிறது என்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழக ஆய்வுகள் காட்டின. மிகவும் சிதைந்த எண்ணெயை உணவாகக் கொடுத்த விலங்குகளில் கல்லீரல் வீக்கமும் வளர்ச்சிக் குறைவும் காணப்பட்டுள்ளன.

*புற்றுநோய்:* பழைய எண்ணெயில் பொரித்த ஒரு வடை புற்றுநோயைத் தரும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் புகையைப் பற்றிய எச்சரிக்கை தெளிவானது. மிகுந்த சூட்டில் பொரிக்கும்போது எழும் புகையை, உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை "மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும்" என்ற 2ஏ பிரிவில் வைத்துள்ளது. சீனாவிலும் தைவானிலும் புகைபிடிக்காத பெண்களிடையே காணப்பட்ட நுரையீரல் புற்றுநோய் பற்றிய ஆய்வுகள் இந்த முடிவுக்குத் துணைநின்றன. கண்ணையும் தொண்டையையும் எரியச் செய்யும் அக்ரோலின் என்ற வாயு அந்தப் புகையில் உண்டு. பழைய எண்ணெய் குறைந்த சூட்டிலேயே புகையும் என்பதை இங்கே சேர்த்து எண்ண வேண்டும். வடை வாங்குபவர் சிறிது நேரம் மட்டுமே கடையில் நிற்கிறார். சட்டியின் முன் நாள் முழுவதும் நிற்பவரோ கடைக்காரர் அல்லது பலகாரம் போடும் தொழிலாளி. மலிவான எண்ணெயின் முதல் பாதிப்பு அவர்களுக்கே.

*மாறுபக்கக் கொழுப்பு:* காய்ச்சக் காய்ச்ச எண்ணெய் முழுவதும் மாறுபக்கக் கொழுப்பாகிவிடும் என்று பரவும் செய்தி மிகையானது. பொரிப்பதால் உருவாகும் அளவு சிறிது. உணவில் இதன் முக்கிய மூலமாக இருந்தது வனஸ்பதி போன்ற பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த கொழுப்புகள். இந்தியாவில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதன் உச்ச அளவு 2021-இல் 3 சதவீதமாகவும், 2022 ஜனவரி முதல் 2 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது.

பொரித்த உணவு எல்லாமே நஞ்சு என்று முடிவு செய்யவும் கூடாது. ஸ்பெயினில் 40,757 பேரைச் சராசரியாக 11 ஆண்டுகள் கவனித்து 2012-இல் வெளியான ஓர் ஆய்வில், பொரித்த உணவு உண்பதற்கும் இதயத் தமனி நோய்க்கும் தொடர்பு காணப்படவில்லை. அங்கே பொரிக்கப் பெரும்பாலும் ஆலிவ் எண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் பயன்படுகின்றன. பலமுறை பயன்படுத்தும் வழக்கம் குறைவு என்பதை ஆய்வாளர்களே குறிப்பிட்டனர். அந்த முடிவை நாள்கணக்கில் காயும் எண்ணெய்க்குப் பொருத்த முடியாது.

சட்டமும் அளவுகோலும்

எண்ணெயின் சிதைவை அளக்க உலகின் பல நாடுகள் பயன்படுத்தும் அளவுகோல் 'மொத்த முனைவுச் சேர்மங்கள்' எனப்படும். நீராற்பகுப்பு, ஆக்சிசனேற்றம், பலபடியாதல் மூன்றின் விளைபொருள்களும் இதில் அடங்கும். புதிய எண்ணெயில் இது பொதுவாக 10 சதவீதத்துக்கும் குறைவு. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் வகுத்த எல்லை 25 சதவீதம். எண்ணெயில் நான்கில் ஒரு பங்கு இயல்பு மாறிவிட்டால், அதில் உணவு தயாரிக்கக் கூடாது என்பது இதன் பொருள். ஸ்பெயினிலும் பிரான்சிலும் இதே எல்லைதான். ஜெர்மனியில் 24 சதவீதம். சூடான எண்ணெயில் முனையைத் தோய்த்தால் சதவீதத்தைக் காட்டும் கைக்கருவிகள் உள்ளன.

25 சதவீத எல்லை எல்லாக் கடைகளுக்கும் பொருந்தும். நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் பொரிக்கப் பயன்படுத்தும் நிறுவனங்கள், 2019 மார்ச் 1 முதல், எவ்வளவு எண்ணெய் எடுத்தோம், எவ்வளவு கழித்தோம், யாரிடம் கொடுத்தோம் என்று பதிவேடு வைக்க வேண்டும். ஒரு நாளில் ஐந்து லிட்டர் பயன்படுத்தும் சாயக்கடைக்கு இந்தப் பதிவேடு தேவையில்லை. ஆகவே சிறிய கடைகளில் கடைக்காரரின் பொறுப்புணர்வும், வாடிக்கையாளரின் கவனமுமே முதல் காவல்.

கழித்த எண்ணெய் எங்கே போகிறது?

பெரிய உணவகம் கழித்த எண்ணெய் குறைந்த விலைக்கு விற்கப்பட்டு மீண்டும் உணவுக்குள் வருவதே இதில் மிக மோசமான நிலை. தைவானில் 2014-இல் கழிவு எண்ணெயைக் கலந்து தயாரித்த கொழுப்பு ஆயிரத்துக்கும் மேற்பட்ட உணவகங்களுக்கும் பேக்கரிகளுக்கும் சென்றது தெரியவந்து பெரும் கொந்தளிப்பு எழுந்தது.

இதைத் தடுக்கும் நோக்கில் ஆணையம் 2018 ஆகஸ்டு 10, உலக உயிரி எரிபொருள் நாளன்று, 'ரூக்கோ' என்ற திட்டத்தைத் தொடங்கியது. பயன்படுத்திய எண்ணெயைக் கடைகளிலிருந்து விலைக்கு வாங்கி பயோடீசல் தயாரிப்பதே இத்திட்டம். அடுத்த ஆண்டு அதே நாளில், இவ்வாறு தயாராகும் பயோடீசலை 100 நகரங்களில் கொள்முதல் செய்யப் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் முன்வந்தன. கழிவுக்கு நேர்மையான ஒரு விலை கிடைத்தால், அதை மீண்டும் சட்டியில் ஊற்றவோ இன்னொரு கடைக்கு விற்கவோ தேவை குறையும். கடைக்காரரைக் கடிந்துகொள்வதை விட இது பயனுள்ள வழி.

பயன்படுத்திய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றுவதும் தீர்வல்ல. அது குழாய்களில் உறைந்து அடைப்பை ஏற்படுத்தும்; குளத்துக்கோ பழையாறு போன்ற ஆற்றுக்கோ போய்ச் சேர்ந்தால், நீர்ப்பரப்பில் படலமாகப் படிந்து நீருக்குள் ஆக்சிசன் புகுவதைத் தடுக்கும்.

கெட்ட எண்ணெயின் அடையாளங்கள்

- நிறம் கரும்பழுப்பாதல்
- பலகாரம் போடும் முன்பே புகைதல்
- நுரை அடங்காமல் சட்டி முழுவதும் பரவுதல்
- கரண்டியிலிருந்து சொட்டாமல் இழைபோல் ஒழுகுதல்
- காறல் வாடையும் நாக்கில் கசப்பும்
- வாயின் மேலண்ணத்தில் மெழுகு போன்ற படிவு

நிறம் மட்டும் போதுமான சான்று அல்ல. மிளகாய்ப்பொடி சேர்த்த மீன் ஒரே நாளில் எண்ணெயைக் கறுப்பாக்கும். வடிகட்டித் தெளியவைத்த பழைய எண்ணெய் பார்வைக்கு நன்றாகவே இருக்கும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, ஒருமுறை பொரித்த எண்ணெயை மீண்டும் பொரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அதை வடிகட்டித் தாளிக்கவும் குழம்பு, கூட்டு வைக்கவும் ஓரிரு நாட்களுக்குள் பயன்படுத்தித் தீர்த்துவிடலாம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதிகபட்சமாக மூன்று முறை வரை விலக்கு அளிக்கிறது. இரண்டில் வீட்டுக்கு ஏற்றது முதலாவதே. ஏனெனில் வீட்டில் எண்ணெயை அளவிடும் கருவி இல்லை; அளவைக் குறைக்கும் வசதி உண்டு.

- சிறிய, குழிவான சட்டியில் குறைவான எண்ணெயில் பொரித்தால் மிஞ்சுவதும் குறையும். காற்றுப் படும் பரப்பும் குறையும்.
- எண்ணெய் புகைவதற்கு முன் தீயைக் குறைக்க வேண்டும். பொரித்து முடிந்ததும் உடனே அணைக்க வேண்டும்.
- உப்பைப் பொரித்த பின் தூவுவது நல்லது. மாவுத் துகள்களை அவ்வப்போது அரித்தெடுக்க வேண்டும்.
- மீன் பொரித்த எண்ணெயை வேறு எதற்கும் எடுத்து வைக்கக் கூடாது.
- மிஞ்சிய எண்ணெயை ஆறியபின் வடிகட்டி, மூடிய பாத்திரத்தில் வெளிச்சம் படாமல் வைக்க வேண்டும். புது எண்ணெயுடன் சேர்க்கக் கூடாது.
- கழிக்கும் எண்ணெயைப் பழைய தாளிலோ மரத்தூளிலோ உறிஞ்சவைத்துக் குப்பையில் சேர்க்கலாம்.

கடைகளைப் பொறுத்தவரை, சிறிய சட்டிக்கு மாறுவதும், வியாபாரம் இல்லாத வேளையில் அடுப்பை அணைப்பதும், வாரத்துக்கு ஒருமுறையேனும் சட்டியை முழுவதும் காலிசெய்து கழுவிப் புது எண்ணெயில் தொடங்குவதும் செலவில்லாமலோ சிறு செலவிலோ செய்யக்கூடியவை. மேலே கண்ட கணக்கின்படி, தொடர்ந்து ஊற்றி நிரப்பும் சங்கிலி அறுபடுவது சட்டி முழுவதும் காலியாகும் நாளில் மட்டுமே. வாடிக்கையாளரும் ஒரு வடை குறைவாக உண்டு, நல்ல எண்ணெயில் பொரித்ததற்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுக்க முன்வந்தால், அந்த மாற்றம் கடைக்காரருக்கு எளிதாகும்.